குரோமியம் விந்தணுவை எப்படிக் கெடுக்கிறது?

மதுரைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலைகள் பல. அங்கே பயன்படுவது பெரும்பாலும் மூவிணைதிற குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆறிணைதிற குரோமியமோ சல்பேட் செல்லும் வழியிலேயே உள்ளே போய்விடும். உள்ளே அது மூவிணைதிறமாக மாறும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் வினைப்பொருள்கள் பெருகுகின்றன. விந்தணுவின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அதிகம் என்பதால் முதல் அடி அதற்குத்தான்.

இதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். மைக்கேல் அருள்தாஸ் குழுவினர் நாட்டுக்குரங்குகளில் சோதித்தனர். அழகர்கோவில் படிகளில் திரியும் அதே இனம்தான். எலியைவிட மனிதனுக்கு நெருங்கிய உடல் என்பதால் இந்தத் தேர்வு முக்கியமானது. ஆண் குரங்குகளுக்கு ஆறு மாதம் குடிநீரில் ஆறிணைதிற குரோமியம் கொண்ட பொட்டாசியம் டைகுரோமேட் கலந்து கொடுத்தார்கள். விந்தணுக்களின் எண்ணிக்கை குறைந்தது. முன்னோக்கி நீந்தும் திறனும் தளர்ந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் கேட்டலேஸ் முதலிய நொதிகளும் விந்துவில் குறைந்திருந்தன. 2006-இல் வெளியான இந்த ஆய்வில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு: குரோமியத்தை நிறுத்திய ஆறு மாதத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. வைட்டமின் சி சேர்த்துக் கொடுத்த குரங்குகளுக்குப் பாதிப்பே தடுக்கப்பட்டது.

பெண்களின் கதை வேறு. பாலூட்டும் எலிக்குக் குரோமியம் கொடுத்தபோது பெண் குட்டிகளின் சூலகத்தில் முட்டைப்பைகள் வளராமல் நின்றன, பருவமடைவதும் தாமதமானது. விந்தணு நாள்தோறும் புதிதாக உருவாகிறது. முட்டைகளின் இருப்போ பெரும்பாலும் பிறவியிலேயே முடிவாகிவிடுகிறது. இழந்ததை ஈடுசெய்ய வழியில்லை.