ஏவுகணையோடு சேர்ந்து பறந்த பொய் வீடியோக்கள்: தகவல் போர் என்றால் என்ன?

2025 மே 7. பஹல்காம் தாக்குதலுக்குப் பதிலடியாக 'ஆபரேஷன் சிந்தூர்' தொடங்கியது. மே 10-ல் சண்டை நின்றது. அந்த 4 நாளும் எல்லையில் ஒரு போர் என்றால், மொபைல் திரையில் இன்னொரு போர். அதுதான் தகவல் போர்.

என்னவெல்லாம் பரவியது?

இந்தியா மீது ஏவுகணை விழுந்ததாக ஒரு வீடியோ சுற்றியது. அது 2020-ல் பெய்ரூட்டில் நடந்த வெடிவிபத்து. குஜராத்தின் ஹசீரா துறைமுகம் எரிவதாக இன்னொன்று. அது 2021-ல் ஒரு எண்ணெய் டேங்கர் வெடித்த காட்சி. இரண்டும் பொய் என்று மத்திய அரசின் பிஐபி உண்மை கண்டறியும் பிரிவு அறிவித்தது.

பொய் ஒரு பக்கம் மட்டும் கிளம்பவில்லை. 'கராச்சி துறைமுகம் காலி' என்று இந்தியாவில் கொண்டாடப்பட்ட வீடியோ, அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் விமானம் விழுந்த காட்சி. பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் 2 போர் விமானங்களை இழந்ததாகச் சொல்வது போல ஏஐ டீப்ஃபேக்கும் வந்தது. சில இந்திய ஊடகங்களே அதை நம்பிச் செய்தி போட்டன.

ஏன் பழைய வீடியோ?

புதிதாகத் தயாரிக்க நேரம் வேண்டும். நெருப்புக்கும் புகைக்கும் ஊர் பெயர் கிடையாது. கேப்ஷனை மாற்றினால் போதும். பயமும் கோபமும் தரும் பதிவை மக்கள் உடனே ஷேர் பண்ணுவார்கள். அதிகம் ஷேர் ஆவதை அல்காரிதம் இன்னும் பலருக்குக் காட்டும். மறுப்பு வருவதற்குள் பொய் ஊரைச் சுற்றி முடித்திருக்கும்.

நமக்கு என்ன பாதிப்பு?

'2, 3 நாளைக்கு ஏடிஎம் இயங்காது' என்ற வாட்ஸ்அப் மெசேஜும் அப்போதுதான் பரவியது. அதுவும் பொய். நம்பி எல்லோரும் பணம் எடுக்க ஓடினால், ஏடிஎம் நிஜமாகவே காலியாகிவிடும். எதிரி குண்டு போடாமலே பீதி வந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: பொய் பார்த்துப் பழகியவர்கள், உண்மையான எச்சரிக்கை வரும்போதும் நம்ப மாட்டார்கள்.

தடை தீர்வாகுமா?

இந்தியாவில் 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க அரசு உத்தரவிட்டதாக எக்ஸ் நிறுவனம் சொன்னது. கணக்கையே முடக்குவது தணிக்கை என்றும் அது ஆட்சேபித்தது. தடை ஒரு கணக்கை நிறுத்தலாம். ஃபேமிலி குரூப்பில் வரும் ஃபார்வர்டை நிறுத்தாது.

அதை நிறுத்த முடிந்தவர் போனைக் கையில் வைத்திருப்பவர்தான். வீடியோவின் ஒரு ஸ்கிரீன்ஷாட்டை கூகுள் லென்ஸில் போட்டால், பழைய காட்சி என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரியவில்லையா? ஃபார்வர்டு பண்ணாமல் விடுங்கள்.