விடை 980 வர வேண்டும்

கோவில்பட்டி வட்டாரத்தில் மேல்நிலைப் பள்ளி முடித்தவர்களிடம் இயற்பியல் பிராக்டிகல் பற்றிக் கேட்டால் முதலில் தனி ஊசலைச் சொல்வார்கள். பிளந்த கார்க்கில் நூலைச் செருகித் தாங்கியில் மாட்டி, குண்டை மெல்ல இழுத்து விட்டு, இருபது அலைவுக்கு ஸ்டாப் கிளாக்கை அமுக்கிய கதை அது. ஐந்தாறு நீளங்களுக்கு இதே வேலை. கடைசியில் புவியீர்ப்பு முடுக்கம் 980 செ.மீ./வி² வர வேண்டும். வராவிட்டால் 980-ஐ வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அலைவு நேரங்களை ரெக்கார்டு நோட்டில் மாற்றி எழுதும் வழக்கம் இருந்தது. ஒன்பது டிகிரி அட்சரேகையை ஒட்டிய இந்த ஊரில் உண்மையான மதிப்பு 978-க்குப் பக்கத்தில்தான். கவனமாக அளந்து 978 கண்ட பிள்ளையும் அதை அழித்திருக்கும். அந்த ஆய்வகத்தில் கருவிகள் குறைவு என்பதைவிட, அளந்ததை நம்ப யாரும் சொல்லித் தரவில்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

இன்று ஊசல் தண்டைச் சின்ன டி.சி. மோட்டாரின் அச்சில் பொருத்தலாம். ஊசல் ஆட, மோட்டார் மின்னாக்கியாகிறது. அதன் இரண்டு வயர்களைக் கணினியோடு சேர்ந்த பெட்டியில் செருகினால், அலைவு ஒவ்வொன்றும் திரையில் வளைகோடாக எழும். வீச்சு தேய்ந்து அடங்குவதும் தெரியும். டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் 2004-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தில், பி.பி. அஜித் குமாரும் உடன் உழைத்தவர்களும் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ் அப்படிப்பட்ட பெட்டி. யு.எஸ்.பி. வயரிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைக்கிறது; வடிவமைப்பும் மென்பொருளும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். சுருளுக்குள் காந்தத்தைப் போட்டால் முன்பெல்லாம் கால்வனாமீட்டர் முள் ஒரு துள்ளு துள்ளும், அவ்வளவுதான். இப்போது காந்தம் நுழையும்போது ஒரு பக்கமும் வெளியேறும்போது மறுபக்கமும் மின்னழுத்தம் பாய்வது படமாக நிற்கிறது. சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு நூறு முறை மினுக்குவதை ஓர் ஒளி சென்சார் காட்டிவிடும்.

இங்கே வயர் இருப்பது நல்லது. எண் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை விரலால் தொட்டே பின்தொடரலாம். ஒரு முனையைப் பிடுங்கினால் கோடு படுத்துவிடும். அதுவே ஒரு பாடம். திரையே வளைகோடு வரைந்தாலும், முதல் வரைபடத்தை மட்டும் இன்றும் கையால் போடவைக்க வேண்டும்.

இத்தகைய கருவிகள் எல்லாப் பள்ளிகளையும் எட்டிவிடவில்லை. மத்திய அரசின் திட்டமாக 2016-இல் வந்த அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் தேர்வான பள்ளிகளுக்கே சென்சார்களைத் தந்தன. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் தமிழக அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எளிய சோதனைகளைக் கொண்டுபோகிறது.

கோவில்பட்டிக் கரிசல் மண்ணின் பிள்ளைகளுக்கென்றே ஒரு சோதனை காத்திருக்கிறது: மண் ஈரம். மலிவான ஈர சென்சாரின் இரண்டு முட்களுக்கு இடையே மண் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதுதான் அளவு. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பு விடும். வெடிப்பு முள்ளோரம் திறந்தால் இடையில் காற்று புகுந்துகொள்ளும். அடியில் ஈரம் இருக்கும்போதே சென்சார் வறட்சி என்று காட்டும். மண்ணைக் கிளறி உருண்டை பிடித்துப் பார்க்கும் மானாவாரி விவசாயி அந்த இடத்தில் ஏமாறமாட்டார். புரட்டாசி விதைப்பிலிருந்து தை வரை இரண்டு ஆழங்களில் முட்களைப் புதைத்து வைத்து, அவ்வப்போது அதே ஆழத்து மண்ணை எடைபோட்டு, 105 டிகிரியில் முழுக்க உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் உண்மையான ஈரம் எவ்வளவு, சென்சார் எந்த வாரம் பிசகியது என்பது தெரிந்துவிடும். உலர்த்தும் அடுப்பு இல்லாத பள்ளிகள், 1901 முதல் கோவில்பட்டியிலேயே இருக்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.