அடுத்த சாவி எது?

கோயில் வாசலில் டோக்கனைக் கொடுத்தால் நம் செருப்பு கைக்கு வருகிறது. ‘சாவி–மதிப்பு’ தரவுத்தளமும் அப்படித்தான்: சாவியைச் சொன்னால் அதற்குரிய மதிப்பு கிடைக்கும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய இவ்வகைத் தரவுத்தளமான டிபிஎம், 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் வழியில் க்னூ திட்டத்துக்காக உருவான ஜிடிபிஎம் இன்றும் லினக்ஸில் புழங்குகிறது.

உள்ளே என்னென்ன சாவிகள் இருக்கின்றன என்றே தெரியாதபோது என்ன செய்வது? ஜிடிபிஎம்மில் அதற்கு இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு: ஃபர்ஸ்ட்கீ, நெக்ஸ்ட்கீ. முதலாவது ஒரு சாவியை எடுத்துத் தரும். அதையே இரண்டாவதிடம் கொடுத்தால் அடுத்த சாவி வரும். நிரலின் போக்கைத் தமிழில் எழுதினால்:

சாவி = முதல்சாவி()
சாவி உள்ளவரை:
    சாவியை அச்சிடு
    சாவி = அடுத்தசாவி(சாவி)

பைத்தானிலும் ஏறத்தாழ இதே நான்கு வரிகள்தான். இதன் அருமை, எல்லாச் சாவிகளையும் நினைவகத்தில் அடுக்கத் தேவையில்லை என்பது. பதிவுகள் எத்தனை லட்சமானாலும் கையில் இருப்பது ஒரு சாவி மட்டுமே. சி மொழியில் எழுதுவோர், அடுத்ததை வாங்கியதும் பழைய சாவிக்கான நினைவகத்தை விடுவித்துவிட வேண்டும்.

சாவிகள் அகரவரிசையில் வராது. நாம் சேர்த்த வரிசையிலும் வராது. ஒவ்வொரு சாவியிலிருந்தும் ஹாஷ் எனும் ஓர் எண் கணக்கிடப்படுகிறது. சாவி எங்கே அமரும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கிறது. சுற்றிவருவதும் அந்த இட வரிசையில்தான்.

சுற்றிவரும்போதே அழிப்பதில்தான் ஆபத்து. ஒரு சாவியை அழித்துவிட்டு அதற்கு அடுத்தது எது என்று கேட்டால், அந்தச் சாவியே காணோம் என்பதால் சுற்று பாதியில் முடிந்துவிடும். சரி, அடுத்ததை முதலில் வாங்கிக்கொண்டு அழிக்கலாமே? அதுவும் பாதுகாப்பல்ல. ஒன்று அழிந்ததும் அதன் பின்னால் உள்ளவை காலியான இடத்துக்கு நகரக்கூடும். நாம் கடந்துவிட்ட இடத்துக்கு வந்த சாவி கண்ணில் படாமலே போய்விடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். அழிக்க வேண்டியவற்றை முதலில் தனிப் பட்டியலில் சேர்த்துவிட்டு, சுற்று முடிந்தபின் அழிப்பதே நல்லது.

பலர் ஒரே நேரத்தில் எழுதும் ரெடிஸ் போன்ற சாவி–மதிப்புத் தரவுத்தளத்தில் மாற்றங்கள் நிற்கும்வரை காத்திருக்க முடியாது. அங்கே ‘கீஸ்’ கட்டளை எல்லாச் சாவிகளையும் ஒரே மூச்சில் தேடும். அதுவரை மற்ற வேலைகள் காத்துக்கிடக்கும். ‘ஸ்கேன்’ கட்டளையோ சிறுசிறு தொகுப்பாகத் தரும். தொடக்கம் முதல் முடிவுவரை இருந்த எந்தச் சாவியையும் அது தவறவிடாது. ஆனால் ஒரே சாவி இருமுறை வரலாம். அதைத் தாங்கும்படி நிரலை எழுதிக்கொள்ள வேண்டும்.