ஒரு நிமிடத்தை 2250 துண்டுகளாக வெட்டும் திருகோணமலைக் கப்பல்கள்: தெரியுமா?

சீனக்குடாவில் பிரீமா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலும் எண்ணெய்க் குதங்களை நாடி வரும் டாங்கரும் வழிநெடுகப் பேசிக்கொண்டே வருகின்றன, தெரியுமா? "நான் இன்னார், இங்கே நிற்கிறேன், இந்தத் திசையில் இவ்வளவு வேகம்" என்று ஆள் யாரும் வாய் திறக்காமலே! ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவியின் வேலை அது.

அதற்கு உலகக் கடல்கள் முழுவதற்கும் இருப்பவை முக்கியமாக இரண்டே அலைவரிசைகள்: 161.975, 162.025 மெகாஹேர்ட்ஸ். ஒருவர் பேச்சு மற்றவர் பேச்சில் மோதாதா? மோதாமல் இருக்கத்தான் ஒவ்வொரு அலைவரிசையிலும் நிமிடத்தை 2250 துண்டுகளாக வெட்டியிருக்கிறார்கள். ஒரு வினாடிக்குள் முப்பத்தேழரைத் துண்டுகள்! ஜி.பி.எஸ். நேரத்தை வைத்து எல்லாக் கப்பல்களின் கடிகாரமும் ஒன்றாக ஓடுகிறது.

எந்தத் துண்டு யாருக்கு என்று பங்கிட்டுக் கொடுப்பது யார்? யாருமே இல்லை! கப்பல் முதலில் காது கொடுத்துக் கேட்கும். வெறுமையான துண்டைப் பிடிக்கும். அடுத்து எந்தத் துண்டில் பேசப்போகிறது என்பதையும் அதே செய்தியில் சொல்லிவிடும். மற்றவை அதை விட்டு விலகிக்கொள்ளும். நங்கூரமிட்டு நின்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு பேச்சு; மணிக்கு 23 கடல்மைல் வேகத்தைத் தாண்டினால் இரண்டு வினாடிக்கு ஒன்று.

துண்டுகள் தீர்ந்துபோனால்? அங்கேதான் இந்த ஏற்பாட்டின் முழு அழகும் தெரிகிறது. இடம் கிடைக்காத கப்பல், ஆகத் தொலைவில் உள்ள கப்பலின் துண்டை எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவருக்குப் பக்கத்துக் குரல்தான் பலமாகக் கேட்கும், தொலைக்குரல் அமுங்கிவிடும். நெரிசல் கூடக்கூடக் கேட்கும் வட்டம் சுருங்குமே தவிர, முட்டக்கூடிய தூரத்தில் இருப்பவன் மறைவதில்லை. சிறு படகுகளுக்கான எளிய வகையும் உண்டு: துண்டின் தொடக்கத்தில் கேட்டுப் பார்த்து, மௌனமாக இருந்தால் மட்டும் 2 வாட் சக்தியில் பேசும். மீன்பிடி வள்ளங்களிலெல்லாம் இது வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டு வைஃபைக்கும் இதே பண்பு தெரியும்! 5 கிகாஹேர்ட்ஸில் சில அலைவரிசைகள் ராடாருக்கும் உரியவை. வைஃபை பெட்டி அங்கே பேசுமுன் குறைந்தது 60 வினாடி கேட்க வேண்டும். ராடார் ஒலித்தால் இடத்தைக் காலிசெய்து 30 நிமிடம் அந்தப் பக்கமே போகக்கூடாது.

திருகோணமலையில் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி வைத்திருந்த மறுஒலிபரப்பு நிலையம் 250 கிலோவாட் சிற்றலைப் பரப்பிகளோடு ஒலித்ததே, அதற்கு வேறு வழி. அந்தச் சக்தி கண்டங்களையே கடக்கும். அதனால் சிற்றலை ஒலிபரப்பாளர்கள் ஆண்டுக்கு இரு முறை கூடி, மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் தொடங்கும் பருவங்களுக்கு அலைவரிசைகளைப் பேசித் தீர்க்கிறார்கள்.

இன்னொன்று! சுவாமி மலையடியில் கடலுக்குள் கோணேசர் கோயிலின் எச்சங்களைத் தேடி முக்குளித்த ஆதர் சி. கிளாக்தான், 1945இலேயே செய்மதிகள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று எழுதியவர். இன்று தாழ்வாகச் சுற்றும் செய்மதிகள் கப்பல்களின் பேச்சையும் கேட்கின்றன. ஆனால் மேலேயிருந்து பார்த்தால், ஒன்றையொன்று கேட்காத ஆயிரக்கணக்கான கப்பல்கள் ஒரே துண்டில் பேசுகின்றன! அதற்காகவே 2012 உலக வானொலி மாநாடு செய்மதியின் காதுக்கென்று இரண்டு தனி அலைவரிசைகளைக் கொடுத்தது. அவற்றில் கப்பல் பேசுவது மூன்று நிமிடத்துக்கு ஒரே தடவை, ஒரு சிறு செய்தி மட்டும்.