வாங்கப்போகும் மோட்டார் சைக்கிளில் ஏ.பி.எஸ். உண்டா?

இறக்காமத்தில் வயலுக்குப் போவதற்கும், பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதற்கும், அம்பாறைக்கோ அக்கரைப்பற்றுக்கோ அலுவலாகச் செல்வதற்கும் மோட்டார் சைக்கிளே கைகொடுக்கின்றது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கிய போதிலும், எமது மக்களிற் பலர் வாங்குவது பாவித்த வண்டிகளையே. "இது ஏ.பி.எஸ். வண்டி" என்று கூறி விற்பவர் விலையைக் கூட்டிக் கேட்கும்போது, அதன் உண்மையை அறிவது எப்படி? பணம் ஒருபுறமிருக்க, இல்லாத ஒன்றை உண்டென்று நம்பி வேகமாக ஓடும் இளைஞரின் உயிரே இங்கு முக்கியமானது.

திடீரென பிரேக்கை அழுத்தும்போது சில்லு சுழலாமல் இறுகிவிட்டால் வண்டி வழுக்கி விழுகின்றது. ஏ.பி.எஸ். அமைப்பு சில்லின் வேகத்தை அளந்து, அது இறுகப்போகும் கணத்தில் பிரேக்கின் அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கின்றது. மோட்டார் சைக்கிள்களில் மின்னணு ஏ.பி.எஸ்.ஸை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், ஆண்டு 1988. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் அனைத்திற்கும் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயமாயிற்று. ஆனால் அச்சட்டம் இந்தியாவில் விற்கப்படும் வண்டிகளுக்கே உரியது. எனவே "இந்திய வண்டிதானே" என்று எண்ணி ஏமாறலாகாது.

முன் மட்காட்டில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரையும் நம்ப வேண்டாம். அதைக் கடையில் வாங்கி எவரும் ஒட்டலாம். பின்வருவனவற்றை நாமே பார்க்கலாம்.

முதலாவது, மீற்றரில் உள்ள விளக்கு. திறப்பைப் போட்டவுடன் ஏ.பி.எஸ். என்ற எழுத்துடன் மஞ்சள் விளக்கு எரியவேண்டும். வண்டி நகர்ந்து சற்று வேகம் பிடித்ததும் அது அணையவேண்டும். விளக்கே எரியாவிட்டால் ஒன்றில் அவ்வமைப்பு இல்லை, அல்லது பழுதை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்கிறார்கள். ஓடும்போதும் எரிந்துகொண்டேயிருந்தால் அமைப்பு வேலை செய்யவில்லை. சாதாரண பிரேக் மட்டுமே உண்டு.

இரண்டாவது, முன் சில்லு. பிரேக் டிஸ்க்கோடு சேர்ந்து, சீரான வெட்டுக்களையுடைய மெல்லிய வளையமொன்று சுழலும். அதன் அருகே சிறிய சென்சரும், அதிலிருந்து மேலே செல்லும் வயரும் இருக்கும். டிஸ்க்கில் உள்ள துளைகளை இதுவென மயங்கக்கூடாது. அவை சூட்டையும் நீரையும் அகற்றுவதற்கானவை.

மூன்றாவது, பிரேக் எண்ணெய்க் குழாய். சாதாரண வண்டியில் அது கைப்பிடியிலிருந்து நேரே முன் சில்லுக்கு இறங்கும். ஏ.பி.எஸ். வண்டியில் டாங்கியின் அடியிலோ இருக்கையின் அடியிலோ உள்ள ஒரு பெட்டிக்குச் சென்று, அங்கிருந்தே சில்லுக்கு வரும்.

ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சில்லுகளும் பிடிபடும் சி.பி.எஸ். முறை வேறு, அது சில்லு இறுகுவதைத் தடுக்காது. ஏ.பி.எஸ்.ஸிலும் முன் சில்லுக்கு மட்டும் உள்ளது, இரண்டிற்கும் உள்ளது என இரு வகையுண்டு. பின் சில்லிலும் வளையமும் சென்சரும் உண்டா எனப் பாருங்கள். பின்னால் டிரம் பிரேக் இருப்பின், பொதுவாக முன்னுக்கு மட்டுமே ஏ.பி.எஸ். இருக்கும்.

வீதியில் வேகமாக ஓடிச் சடுதியாக பிரேக் அடித்துப் பரீட்சிப்பது ஆபத்தானது. சந்தேகமிருப்பின், விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கிடமல்லாது வேறொருவரிடம் காட்டிப் பணத்தைக் கொடுப்பதே நல்லது.

ஏ.பி.எஸ். இருந்தாலும் அதற்கு எல்லையுண்டு. மாரி மழையில் நனைந்த தார் வீதியில் அது பெரிதும் உதவும். கிறவல் பாதையிலும், நெல்லும் வைக்கோலும் பரப்பிய வீதியிலும் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கலாம். வளைவில் சாய்ந்தபடி பிரேக் பிடித்தால் எல்லா வண்டியும் தாங்காது. தேய்ந்த டயருக்கும், தலைக்கவசமின்றி மூவர் ஏறிச் செல்வதற்கும் எந்தக் கருவியும் பரிகாரமாகாது. ஆகவே வீட்டிலுள்ள பெரியோர் வண்டியின் விலையோடு இவற்றையும் விசாரித்தறிந்து, பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்வார்களாக.