கூரையில்லாக் கோயிலில் உறங்கும் கப்பித்தான்



நாகர்கோவிலில் இருந்து தக்கலைக்கு பஸ்சில் போயிருக்கிறீர்களா? தக்கலைக்குச் சற்று முன்னால், புலியூர்க்குறிச்சியில் பெரிய கல்மதில் ஒன்று தெரியும். அதுதான் உதயகிரிக் கோட்டை. உள்ளே மான்களையும் பறவைகளையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறவர்களே அதிகம். நீங்கள் இன்னும் கொஞ்சம் நடந்து போங்கள்.

மரங்களுக்கு நடுவே பழைய கிறிஸ்தவ சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. சுவர்கள் மட்டும்தான் மிச்சம்; மேலே பார்த்தால் வானம். தரையில் கல்லறைகள். அதில் ஒரு கல்லில் லத்தீன் மொழியிலும், தமிழிலும் எழுத்துகள் செதுக்கியிருக்கிறார்கள்.

யாருடைய கல்லறை அது? டிலனாய் என்ற ஐரோப்பியருடையது!

1741ல் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படைக்கும் திருவிதாங்கூர் படைக்கும் போர் நடந்தது. டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். மன்னர் மார்த்தாண்ட வர்மா அவரைச் சிறையில் வாட விடவில்லை. "என் வீரர்களுக்குப் பயிற்சி கொடு" என்று வேலை கொடுத்து விட்டார். எதிரியாக வந்தவர் தளபதி ஆனார்! இந்தக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள். மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தார்கள். வலிய என்றால் பெரிய. நம்மூர் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், அந்தக் காலக் கட்டுப்பாட்டினால், பக்கத்தில் இருந்த பத்மநாபபுரம் அரண்மனைக்குள் கிறிஸ்தவரான அவர் போக முடியாது. கோட்டைதான் அவருக்கு வீடு.

அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை அவருடைய நண்பர். டிலனாயிடம் கேட்டறிந்து, 1745ல் கிறிஸ்தவராகி, தேவசகாயம் என்று பெயர் பெற்றார். பின்னர் சிறைப்பட்டு, 1752ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் அதே மன்னரின் வீரர்கள். (2022ல் போப்பாண்டவர் அவரைப் புனிதராக அறிவித்தார்.) நண்பரை இழந்த பிறகும் 25 ஆண்டுகள் டிலனாய் இந்தப் படையிலேயே இருந்தார். அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அந்தக் கல்லின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும்.

1765ல் களக்காட்டுப் போரில் அவருடைய மகனும் இறந்தார். 1777 ஜூன் 1ல் டிலனாய் காலமானார். மனைவியும் மகனும் அவருக்குப் பக்கத்திலேயே உறங்குகிறார்கள்.

மழையும் வெயிலும் நேராக விழும் இடம் அது. எழுத்துகள் மீது சாக்பீஸ் தேய்க்காதீர்கள். சாயங்காலம் போங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் செதுக்கிய எழுத்து நன்றாகத் தெரியும். தமிழ் வரிகளை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், பார்ப்போம்!