டாக்டருக்குப் படிக்கும் முன்

ஞாயிற்றுக்கிழமை அபிஷேகம் முடிந்து பிரசாதத்துக்காக வரிசையில் நிற்கும்போது, "நீ என்ன படிக்கப் போகிறாய்?" என்று பெரியவர் ஒருவர் பையனைக் கேட்பார். அவன் வாய் திறக்குமுன், "டாக்டருக்குத்தான், மாமா" என்று தாயார் பதில் சொல்லிவிடுவார். பையன் தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த மௌனம் சம்மதமா, தயக்கமா என்பதை ஹைஸ்கூல் நாட்களிலேயே தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு நல்லது.

நம் ஊரில் பிளஸ் டூ முடித்தவுடன் மருத்துவக் கல்லூரியில் சேரலாம். அமெரிக்காவில் வழி வேறு. முதலில் 4 ஆண்டு காலேஜ் பட்டப்படிப்பு, பிறகு 4 ஆண்டு மெடிக்கல் ஸ்கூல், அதன்பின் ரெசிடென்சி. குடும்ப மருத்துவத்துக்கு ரெசிடென்சி 3 ஆண்டு, மூளை அறுவைச் சிகிச்சைக்கு 7 ஆண்டு. 18 வயதில் புறப்படும் பிள்ளை தனியாகத் தொழில் நடத்தும்போது குறைந்தது 29 வயதாகிவிடும். இவ்வளவு தூரத்தைப் பெற்றோரின் ஆசையை மட்டும் நம்பிக் கடக்க முடியாது.

'பிரீ-மெட்' என்பது தனிப் பட்டம் அன்று. உயிரியல், ரசாயனம், கரிம ரசாயனம், பௌதிகம் ஆகியவற்றைச் செய்முறைப் பயிற்சியுடன் முடித்திருக்க வேண்டும் என்றே பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்கள் கேட்கின்றன. பல இடங்களில் உயிர்வேதியியலும் வேண்டும். இவற்றை முடித்துவிட்டால், முக்கியப் பாடமாக வரலாற்றையோ இசையையோ எடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆகவே சங்கீதத்தில் நாட்டமுள்ள பெண்ணை அதை விட்டுவிடும்படி வற்புறுத்தத் தேவையில்லை.

நுழைவுத் தேர்வான எம்காட், இடைவேளைகளையும் சேர்த்து ஏறத்தாழ ஏழரை மணி நேரம் நடக்கும். மதிப்பெண் 472 முதல் 528 வரை. அதன் நான்கு பகுதிகளில் ஒன்று, கட்டுரைகளைப் படித்துச் சிந்தித்து விடையளிப்பது. அதற்கு விஞ்ஞான அறிவே வேண்டியதில்லை. 2015 முதல் உளவியலும் சமூகவியலும் ஒரு பகுதியாகச் சேர்ந்துள்ளன. சிறுவயது முதல் நல்ல புத்தகங்களைப் படித்துவரும் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

மதிப்பெண் மட்டும் போதாது. விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே ஓராண்டில் இடம் கிடைக்கிறது. நோயாளிகளை அருகிலிருந்து பார்த்திருக்கிறாயா, பிறருக்கு என்ன செய்திருக்கிறாய் என்றும் கேட்பார்கள். விண்ணப்பத்துக்காக அவசரமாகச் சேர்த்த சான்றிதழ்கள் நேர்முகத்தில் வெளுத்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியை டாக்டரிடம் அழைத்துச் சென்று, அவர் பேசும் விதத்தைக் கவனிப்பது நல்ல தொடக்கம். முதியோர் இல்லத்தில் வாரம் ஒருமுறை தொண்டு செய்யலாம். டாக்டரின் அனுமதியோடு அவர் கூடவே இருந்து பார்க்கலாம். அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியில் சொல்லக்கூடாது. வலியையும் அழுக்கையும் அழுகையையும் பார்த்த பிறகும் மறுவாரம் போகத் தோன்றுகிறதா? அதுவே உண்மையான சோதனை.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு முதலில் இப்பணியில் விருப்பமே இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்காக உதவி கேட்டு வந்தார்கள். அவருடைய தந்தை டாக்டர். ஆனால் ஆண் டாக்டர் வருவதற்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று 1899-இல் கார்னெல் மெடிக்கல் காலேஜில் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவருக்கு ஆர்வம் பிறந்தது கண்ணெதிரே கண்ட துன்பத்தினால்தான்.

பணத்தைப் பற்றியும் வீட்டில் பேச வேண்டும். 2025-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர்தான். பல கல்லூரிகளில் செலவு இதைத் தாண்டிவிடும்.

நர்ஸ், பார்மஸிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், ஆராய்ச்சியாளர் ஆகியோரும் நோயைத் தீர்ப்பவர்களே. வேறு துறையில் மனம் செல்லும் பிள்ளை குடும்பத்தின் பெயரைக் கெடுத்துவிடுவதில்லை. மனமில்லாமல் மருத்துவம் படிப்பவரோ தானும் துன்புற்று, நோயாளியையும் துன்புறுத்துவார்.

அடுத்த ஞாயிறு யாராவது பெரியவர் அதே கேள்வியைக் கேட்டால், தாயார் சற்றுப் பொறுத்திருக்கட்டும். பையனே பதில் சொல்லட்டும்.